தேங்காய் எண்ணெய் நஞ்சா? நாம் உண்ணும் எண்ணெயும் கொழுப்பும் கொட்டைகளும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது எமது முன்னோர் வாக்கு. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஜேர்மன் மொழி பேசும் நாடுகளில் புகழ்பெற்ற மருத்துவராக விளங்கிய பாரசெல்சஸ் என்பவரும் இதே கருத்தையே வலியுறுத்தினார். ஒரு பொருள் நஞ்சாவதும் ஆகாததும் அதன் அளவைப் பொறுத்ததே என்பது அவர் கொள்கை. இவ்விரு வாக்குகளையும் நினைவிற் கொண்டு நோக்க வேண்டிய நிகழ்ச்சியொன்று, 2018ஆம் ஆண்டில் நாம் வாழும் இந்நாட்டிலேயே இடம்பெற்றது.

அவ்வாண்டின் கோடைகாலத்தில், பிரைபூர்க் பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த பேராசிரியர் கரின் மிஹெல்ஸ் அவர்கள் பொதுமக்களுக்காக ஒரு விரிவுரை நிகழ்த்தினார். மக்களிடையே பரவியிருக்கும் உணவு பற்றிய தவறான எண்ணங்களே அதன் பொருள். அவ்வுரையில் அவர் தேங்காய் எண்ணெயைத் தூய நஞ்சு என்றே குறிப்பிட்டார். அதன் ஒளிப்பதிவு பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட தடவைகள் பார்க்கப்பட்டது. உலகெங்கும் உள்ள செய்தித்தாள்கள் அதனை வெளியிட்டன. இந்திய அரசின் தோட்டக்கலை ஆணையர், அப்பேராசிரியர் தொடர்பு கொண்டிருந்த ஹார்வார்ட் பல்கலைக்கழகத்திற்கு மறுப்புக் கடிதம் அனுப்பும் அளவிற்கு விடயம் முற்றியது.

இச்செய்தியைக் கேட்ட எமது இல்லங்களில் இருவகைக் குரல்கள் எழுதல் இயல்பு. அம்மம்மா தேங்காய்ப்பால் விட்டு ஆக்கிய கறியை ஐயத்துடன் நோக்குவது பிள்ளையின் குரல். பாட்டனும் பூட்டனும் இதனை உண்டுதானே நெடுங்காலம் வாழ்ந்தனர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது பெற்றோரின் குரல். முன்னது எம் பண்பாட்டைப் பழிக்கின்றது. பின்னது எம் உடல்நலத்தை மறக்கின்றது. உண்மை யாது என்பதை அமைதியாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சி எமக்கு வெறும் அறிவுப் பயிற்சி அன்று. 52 நாடுகளில் நடைபெற்ற 'இன்ரர்ஹார்ட்' என்னும் ஆய்வின் ஒரு பகுதி 2007ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இலங்கை, இந்தியா முதலான தென்னாசிய நாடுகளில் முதல் மாரடைப்பு ஏற்பட்டோரின் நடுவயது 53 என்றும், ஏனைய நாடுகளில் அது 59 என்றும் அது காட்டியது. பிள்ளைகள் கல்வியை முடிக்கும் முன்னரே தந்தையையோ தாயையோ இழக்கும் வயது அது. ஆகவே எமது சமையலறைப் போத்தல்களைச் சற்று உற்றுநோக்குதல் கடமையாகின்றது.

எண்ணெய் என்னும் சொல்

மாணவர்களே, 'எண்ணெய்' என்னும் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். எள் + நெய் = எண்ணெய். எள்ளிலிருந்து பெற்ற நெய்யே முதலில் இப்பெயரைப் பெற்றது. பின்னர் தேங்காயிலிருந்தும் கடலையிலிருந்தும் பெற்றவற்றுக்கும் அதே பெயர் வழங்கலாயிற்று. ஜேர்மன் மொழியில் எண்ணெயைக் குறிக்கும் சொல்லும் இவ்வாறே பிறந்தது. ஒலிவ மரத்தைக் குறித்த கிரேக்கச் சொல் இலத்தீன் வழியாக வந்து, இன்று எல்லா எண்ணெய்க்கும் பொதுப்பெயராகிவிட்டது. ஒவ்வோர் இனமும் தன் மண்ணில் விளைந்த வித்தைக்கொண்டே எண்ணெயை அறிந்தது என்பதற்கு இவ்விரு சொற்களும் சான்று.

கொழுப்பு ஏன் வேண்டும்?

கொழுப்பை முற்றாக விலக்க வேண்டும் என்று எண்ணுவது தவறு. எமது உடலின் ஒவ்வொரு கலத்தின் மென்சவ்வும் கொழுப்பினால் ஆனது. ஏ, டி, ஈ, கே ஆகிய விற்றமின்கள் கொழுப்பிலே கரைந்தே உடலிற் சேர்கின்றன. கரட்டையும் கீரையையும் சிறிது எண்ணெயுடன் உண்ணும்போதுதான் அவற்றின் பயன் நன்கு கிடைக்கின்றது. சில கொழுப்பமிலங்களை உடலால் ஆக்க முடியாது. உணவிலிருந்தே பெறுதல் வேண்டும்.

எனினும் கொழுப்பு செறிவுமிக்க பொருள். ஒரு கிராம் மாப்பொருள் 4 கிலோகலோரி தருகையில், ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தருகின்றது. நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி தேவைப்படும் ஒருவர், அதில் 30 வீதத்தைக் கொழுப்பாகப் பெறலாம் என்று கொண்டால், அது ஏறத்தாழ 67 கிராம் ஆகும். இதில் தாச்சியில் விடும் எண்ணெய் மட்டுமன்றி, பாற்கட்டி, இறைச்சி, விசுக்கோத்து, கேக் ஆகியவற்றில் மறைந்திருக்கும் கொழுப்பும் அடங்கும்.

நிரம்பியதும் நிரம்பாததும்

ஊரில் போத்தலில் நீராக இருந்த தேங்காய் எண்ணெய், இங்கு குளிர்காலத்தில் சமையலறைத் தட்டில் வெண்மெழுகாக உறைந்துவிடுவதைப் பிள்ளைகள் கண்டிருப்பர். ஏறத்தாழ 24 பாகை வெப்பநிலைக்குக் கீழ் அது உறையும். அதே தட்டில் உள்ள சூரியகாந்தி எண்ணெயோ உறைவதில்லை. ஏன்?

கொழுப்பமிலம் என்பது காபன் அணுக்களாலான சங்கிலி. அச்சங்கிலியில் ஐதரசன் அணுக்கள் முழுமையாக நிரம்பியிருந்தால் சங்கிலி நேராக இருக்கும். நேரான விறகுகளை நெருக்கமாக அடுக்கலாம் அல்லவா? அவ்வாறே நிரம்பிய கொழுப்பமிலங்கள் நெருங்கி உறைகின்றன. சில இடங்களில் ஐதரசன் குறைந்து இரட்டைப் பிணைப்பு இருந்தால் சங்கிலி வளைந்துவிடும். வளைந்த விறகு அடுக்குக்கு அடங்காது. எனவே நிரம்பாத கொழுப்பு நீர்மமாகவே இருக்கின்றது. வெண்ணெய், நெய், இறைச்சிக் கொழுப்பு, தேங்காய் எண்ணெய் ஆகியவற்றில் நிரம்பியது மிகுதி. பெரும்பாலான வித்தெண்ணெய்களிலும் மீனிலும் நிரம்பாதது மிகுதி.

நிரம்பிய கொழுப்பை மிகுதியாக உண்டால், குருதியில் உள்ள எல்டிஎல் என்னும் கொலஸ்ரரோல் துணிக்கைகளை ஈரல் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஆற்றல் குறைகின்றது. அவை குருதியில் தேங்கி, நாளடைவில் நாடிகளின் சுவரிற் படிகின்றன. இதயத்திற்குக் குருதி கொடுக்கும் நாடி அடைபடும்போது மாரடைப்பு ஏற்படுகின்றது.

தேங்காய் எண்ணெய் பற்றிய தீர்ப்பு

தேங்காய் எண்ணெயில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 85 முதல் 90 கிராம் வரை நிரம்பிய கொழுப்பே. இது வெண்ணெயில் உள்ளதைவிட அதிகம். 2020ஆம் ஆண்டில், 16 பரிசோதனைகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த கட்டுரையொன்று வெளியாயிற்று. ஏனைய தாவர எண்ணெய்களை உண்டோருடன் ஒப்பிடுகையில், தேங்காய் எண்ணெய் உண்டோரின் எல்டிஎல் அளவு ஏறத்தாழ 10 மில்லிகிராம் கூடியிருந்தது. நல்லது எனப்படும் எச்டிஎல் அளவும் 4 மில்லிகிராம் கூடியது. ஆயினும் அவ்வுயர்வு இதயத்தைக் காக்கும் என்பது நிறுவப்படவில்லை. ஆகவே, தேங்காய் எண்ணெய் அருமருந்து என்று விளம்பரம் செய்வோரின் கூற்று பொருந்தாது. அதனைத் தூய நஞ்சு என்பதும் பொருந்தாது. நஞ்சு என்பது சிறிய அளவிலும் கொல்வது. இது அளவறிந்து உண்ண வேண்டிய உணவு.

பாட்டன் பூட்டன் உண்டு வாழ்ந்தனரே என்னும் வினாவுக்கும் விடை உண்டு. பசிபிக் பெருங்கடலில் தொக்கெலாவு என்னும் சிறு தீவுகள் உள்ளன. அங்கு வாழ்ந்தோர் தம் உணவாற்றலில் 63 வீதத்தைத் தேங்காயிலிருந்தே பெற்றனர் என 1981இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. அவர்களிடம் கொலஸ்ரரோல் சற்று உயர்ந்திருந்தும் இதயநோய் அரிதாகவே காணப்பட்டது. அவர்கள் மீன் உண்டனர். சீனியைச் சிறிதளவே கண்டனர். கடலிலும் நிலத்திலும் உடலால் உழைத்தனர். ஆனால் அம்மக்களுள் ஒரு பகுதியினர் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தபோது நிலை மாறிற்று. அங்கு அவர்கள் உண்ட தேங்காய் குறைந்தது. எனினும் சீனியும் மாப்பொருளும் பெருகின; இதயநோய்க்கான அறிகுறிகள் குருதியில் கூடின.

புலம்பெயர்ந்த எமக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை. ஊரில் தேங்காய்ப்பால் உண்டவர் வயலுக்கும் கடலுக்கும் சந்தைக்கும் நடந்தார் அல்லது மிதிவண்டியிற் சென்றார். இங்கு அதே தேங்காய்ப்பாலுடன் பாற்கட்டியும் கேக்கும் இனிப்புப் பானமும் சேர்ந்துள்ளன, நடையோ குறைந்துள்ளது. உணவு எம்முடன் கடல் கடந்து வந்தது. அதனைச் செரித்த உழைப்பு வரவில்லை. எண்ணெயைக் குறைத்து, அதற்கு ஈடாக வெள்ளைச் சோற்றையும் சீனியையும் கூட்டுவதாலும் பயனில்லை. நிரம்பிய கொழுப்பின் இடத்தில் நிரம்பாத கொழுப்பு வரும்போதே இதயத்திற்கு நன்மை.

மஞ்சள் வயல்களின் எண்ணெய்

ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் இந்நாட்டு நெடுஞ்சாலைகளின் இருமருங்கும் மஞ்சட் கம்பளம் விரித்தாற்போல் பூத்திருப்பது ராப்ஸ் என்னும் பயிர். அது எமது கடுகின் நெருங்கிய உறவு. முற்காலத்தில் அதன் எண்ணெயில் எரூசிக் அமிலம் மிகுந்திருந்தமையால், அது விளக்கெரிக்கவும் பொறிகளுக்கு இடவுமே பெரிதும் பயன்பட்டது. 1970களில் அவ்வமிலம் அகற்றப்பட்ட இனங்களும், 1980களில் கசப்புப் பொருளும் குறைக்கப்பட்ட இனங்களும் இங்கு பயிராகத் தொடங்கின. கனடாவில் உள்ள எம் உறவினர் கனோலா என்று வாங்குவதும் இவ்வினமே.

ராப்ஸ் எண்ணெயில் நிரம்பிய கொழுப்பு 7 வீதமளவே. ஏறத்தாழ 60 வீதம் ஒலிவ எண்ணெயிற் சிறப்பாக உள்ள ஒற்றை நிரம்பாத கொழுப்பு. இதயத்திற்கு உகந்த ஒமேகா-3 கொழுப்பமிலம் ஏறத்தாழ 9 வீதம். சுத்திகரித்த ராப்ஸ் எண்ணெய்க்குத் தனி மணம் இல்லையாதலால் எந்தக் கறிக்கும் பொருந்தும், விலையும் குறைவு. 2022இல் உக்ரைன் போரினால் சூரியகாந்தி எண்ணெய் கடைகளில் அரிதானபோது, பலர் இதனை நாட நேர்ந்தது. சூரியகாந்தி எண்ணெயிலும் நிரம்பிய கொழுப்பு குறைவே. ஆயினும் அதில் ஒமேகா-3 இல்லையென்றே கூறலாம்.

ஒலிவ எண்ணெயில் 70 வீதத்திற்கு மேல் ஒற்றை நிரம்பாத கொழுப்பு உண்டு. எமது நல்லெண்ணெயும் நல்லதே. அதில் நிரம்பிய கொழுப்பு 15 வீதமளவு, எஞ்சியது நிரம்பாதது. எள்ளில் இயல்பாக உள்ள சில பொருட்கள் அது விரைவிற் கெடாமலும் காக்கின்றன. இந்நாட்டின் கிழக்கே லவுசிற்ஸ் பகுதியில், அவித்த உருளைக்கிழங்கையும் குவார்க் என்னும் தயிர்க்கட்டியையும் ஆளிவிதை எண்ணெயுடன் உண்பது பழைய வழக்கம். ஆளிவிதை எண்ணெயில் பாதிக்கு மேல் ஒமேகா-3 உள்ளது. ஆனால் அதனைச் சூடாக்கலாகாது. வாங்கியபின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து விரைவிற் பயன்படுத்தல் வேண்டும்.

ஜேர்மனியிற் பிறந்த ஒரு தவறு

1902ஆம் ஆண்டில் ஹெர்போர்ட் நகரில் பணியாற்றிய வில்ஹெல்ம் நோர்மன் என்னும் வேதியியலாளர், நீர்ம எண்ணெயுடன் ஐதரசனைச் சேர்த்துக் கெட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மலிவான எண்ணெய் இவ்வாறு மாஜரீனாக மாறிற்று. இந்தியாவில் டால்டா என்று வழங்கிய வனஸ்பதியும் இம்முறையின் விளைவே. ஆனால் எண்ணெய் அரைகுறையாகக் கெட்டியாக்கப்படும்போது 'ட்ரான்ஸ்' கொழுப்பு என்னும் புதுவகை உண்டாகின்றது. அது எல்டிஎல் அளவை ஏற்றி எச்டிஎல் அளவை இறக்குவது. நிரம்பிய கொழுப்பிலும் தீயது.

2021 ஏப்ரல் முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், தொழிற்சாலையில் உண்டாகும் ட்ரான்ஸ் கொழுப்பு 100 கிராம் கொழுப்பில் 2 கிராமைத் தாண்டலாகாது என்பது சட்டம். இந்தியாவும் 2022இல் இதே 2 வீத எல்லையை விதித்தது. எனினும் பிற நாடுகளிலிருந்து வரும் பண்டங்களின் உறையைப் படித்தே வாங்குதல் நன்று.

கொட்டைகள்

டிசம்பர் 6ஆம் நாள் நிக்கோலாஸ் திருநாளில், இந்நாட்டுப் பிள்ளைகளின் சப்பாத்துகளில் வால்நட்டும் ஹேசல் கொட்டையும் தோடம்பழமும் வைப்பர். இவ்வழக்கத்தை ஆண்டு முழுவதும் கைக்கொள்ளலாம். ஜேர்மன் உணவூட்டக் கழகம் 2024இல் வெளியிட்ட புதிய பரிந்துரைகளில், நாளொன்றுக்கு 25 கிராம், அதாவது ஒரு சிறு கைப்பிடி, கொட்டைகள் உண்ணுமாறு கூறியுள்ளது. ஸ்பெயினில் 7400இற்கும் மேற்பட்டோரிடம் நடைபெற்ற ஆய்வொன்றில், ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 30 கிராம் வால்நட், பாதாம், ஹேசல் கொட்டை ஆகியன மத்தியதரைக்கடல் உணவுடன் வழங்கப்பட்டன. அவர்களிடையே மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியன மொத்தத்தில் ஏறத்தாழ 30 வீதம் குறைந்தன.

நாம் விரும்பும் கச்சான் உண்மையில் கொட்டையன்று. அது பயறு, உழுந்து போன்ற அவரையினம். எனினும் அதன் கொழுப்பும் பெரும்பாலும் நல்லதே. மரமுந்திரிகைக் கொட்டையும் அவ்வாறே. உப்பும் எண்ணெயும் சேர்த்துப் பொரித்தவற்றை விடுத்து, வெறுமனே வறுத்தவற்றைத் தெரிவு செய்தல் வேண்டும். தேங்காயைக் கொட்டைகளின் வரிசையிற் சேர்த்துக் கணக்கிடலாகாது. அதன் கொழுப்பின் இயல்பை மேலே கண்டோம்.

இரு எச்சரிக்கைகள். ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கொட்டைகளைக் கொடுத்தல் ஆகாது, மூச்சுக்குழாயிற் சிக்கிவிடும். அரைத்துக் கொடுக்கலாம். மேலும் கச்சான், மரக்கொட்டைகள், எள் ஆகியன சிலருக்கு உயிராபத்தான ஒவ்வாமையை உண்டாக்குவன. விழாக்களுக்குச் சிற்றுண்டி செய்துவருவோர், அதில் இவை உள்ளனவா என்று எழுதி வைத்தால் பெரும் உதவியாகும்.

உறையைப் படிப்போம்

மாணவர்களே, இவ்விடத்தில் உங்கள் ஜேர்மன் மொழியறிவு வீட்டுக்கு வேண்டும். பொதிகளின் பின்புறத்தில் 'ஃபெட்' என்பது மொத்தக் கொழுப்பு. அதன் கீழ் 'கெசெட்டிக்டே ஃபெட்சொய்ரன்' என்பது நிரம்பிய கொழுப்பமிலம். வளர்ந்த ஒருவருக்கு, 2000 கிலோகலோரியில் 10 வீதம் என்ற கணக்கின்படி, நாளொன்றுக்கு இது 22 கிராமைத் தாண்டாதிருத்தல் நன்று.

இப்போது ஒரு கணக்கு. 18 வீதக் கொழுப்புள்ள 400 மில்லிலீற்றர் தேங்காய்ப்பால் தகரத்தில் ஏறத்தாழ 72 கிராம் கொழுப்பு உண்டு. அதில் 64 கிராமளவு நிரம்பியது. நால்வர் பகிர்ந்துண்டால் ஒருவருக்கு 16 கிராம். ஒரு வேளைக் கறியிலேயே நாளின் அளவில் முக்காற்பங்கு முடிந்துவிடுகின்றது! ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 10 கிராமுக்கு மேல் நிரம்பிய கொழுப்பு. அதே கரண்டி ராப்ஸ் எண்ணெயில் ஒரு கிராமுக்கும் குறைவு.

பொரிப்பதும் தாளிப்பதும்

பொரிக்கும் எண்ணெய் புகையும் அளவிற்குச் சூடாகலாகாது. 175 பாகைக்குள் வைத்துப் பொன்னிறமாகப் பொரித்தெடுப்பதே முறை. கருகப் பொரித்த மாப்பண்டங்களில் அக்ரிலமைட்டு என்னும் தீய பொருள் உண்டாகின்றது. ஒருமுறை பொரித்துக் கறுத்த எண்ணெயை மீண்டும் மீண்டும் சூடாக்குதலும் தீது. குளிர்முறையிற் பிழிந்த எண்ணெய்கள் பொரியலுக்கு உகந்தவையல்ல, சுத்திகரித்தவையே உகந்தவை.

இவ்விழாவின் சிற்றுண்டிச்சாலையில் வடையும் றோல்ஸும் பற்றிஸும் உண்டு. அவற்றை உண்ண வேண்டாம் என்று நாம் கூறவில்லை. விழா ஆண்டுக்கொருமுறை, சமையல் நாள்தோறும். நாள்தோறும் செய்வதைத் திருத்தினால் விழா நாளில் உண்பது கேடு செய்யாது. போத்தலைச் சரித்து ஊற்றாமல் கரண்டியால் அளந்து விடுவோம். அன்றாடத் தாளிதத்திற்கு ராப்ஸ் எண்ணெயும் நல்லெண்ணெயும் கொள்வோம். தேங்காய்ப்பாலைச் சொதிக்கும் சிறப்புக் கறிக்கும் வைத்துக்கொண்டு, ஏனைய கறிகளில் பாதியாகக் குறைப்போம். கிழமைக்கு ஒருமுறையாவது ஹேரிங், கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீனை உண்போம்.

ஒரு சமூகம் தன் உணவை மாற்ற இயலுமா என்று ஐயுறுவோர் பின்லாந்தின் வட கரேலியாவை நோக்குக. உலகில் இதயநோய் மிகுந்த பகுதிகளுள் ஒன்றாக இருந்த அங்கு, 1972இல் மருத்துவர் பெக்கா புஸ்கா ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். குடும்பப் பெண்களின் சங்கங்கள் ஊரூராகச் சமையல் செய்து காட்டின. வெண்ணெயின் இடத்தை ராப்ஸ் எண்ணெய் பிடித்தது. புகைத்தலும் உப்பும் குறைந்தன. நாற்பது ஆண்டுகளுக்குள், உழைக்கும் வயது ஆண்களிடையே இதயநோய் மரணம் ஐந்தில் நான்கு பங்கிற்கும் மேலாகக் குறைந்தது. அவர்கள் தம் உணவைத் துறக்கவில்லை. அதில் விடும் கொழுப்பையே மாற்றினர்.

வாரந்தோறும் பிள்ளைகளின் மொழியைக் காக்க ஒன்றுகூடும் எமக்கு, அவர்களின் பெற்றோரைக் காக்க ஒன்றுகூடுதல் அரிதன்று. எமது கறியின் சுவை கறிவேப்பிலையிலும் மிளகிலும் சீரகத்திலும் கைப்பக்குவத்திலும் உள்ளது. அதனை இந்நாட்டு வயல்களின் எண்ணெயில் ஆக்கினாலும் அது தமிழர் கறியே. தேங்காயை வெறுக்கவும் வேண்டாம். அளவின்றிச் சேர்க்கவும் வேண்டாம். அளவறிந்து உண்டு, எமது பிள்ளைகளின் பிள்ளைகள் இவ்விழா மேடையில் தமிழ் பேசுவதைக் கண்குளிரக் காணும் வரை நலமுடன் வாழ்வோமாக!